நம் ஆலயங்களின் இசையாசிரியர்கள்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றார் யாவரும், மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியர்களை இளங்கோவடிகள் ஒருவரையும் விடாது முறைப்பட நிறுத்தியிருக்கும் அழகை அறிவர். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அமைதி கூறுகின்றார் அடிகள். அம்பத்தூரை அடுத்துள்ள எங்கள் ஆலயச் சுவரிலோ, குருமார்களின் பெயரும் அவர்கள் பணிபுரிந்த ஆண்டும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஞாயிறுதோறும் சபையைப் பாடவைத்தோர் பெயர் ஒன்றேனும் இல்லை. இக்குறையே இச்சிறு கட்டுரையை எழுத என்னைத் தூண்டிற்று.

தமிழ்நாட்டுச் சபைகளில் ஆர்கன் புகுமுன்னரே பாட்டுப் புகுந்துவிட்டது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க்கு ஐயர், ஜெர்மானிய ஞானப்பாட்டுக்களைத் தமிழாக்கி, அவற்றின் பழைய மெட்டுக்களிலேயே பாடச் செய்தார். நாட்டுப்புறச் சபைகளில் பாட்டைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு உபதேசியாருக்கோ பள்ளியாசிரியருக்கோ உரியதாயிருந்தது. கருவி யாதும் இல்லை. அவர் எடுத்த சுருதியே சுருதி. அது மிகையாக ஏறிவிடின் சபையார் மூன்றாம் அடியில் வாய்மூட வேண்டியதுதான்!

நம்மவருள் பெயர் நிலைத்த முதற்பெரும் இசையாசிரியர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஆவர். 1774-இல் நெல்லைச் சீமையிற் பிறந்த இவரைச் சுவார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் அரசரான சரபோசியும் அவ்வையரிடம் பயின்றவரே. பத்தொன்பதாம் அகவையில், அஃதாவது இதனை எழுதும் எனக்குள்ள வயதில், சாஸ்திரியார் தஞ்சையில் தலைமையாசிரியரானார் என்று படித்தபோது எனக்குச் சிறிது நாணம் உண்டாயிற்று.

கருநாடக இராகதாளங்களில் அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் நம் நாவில் உள்ளன. ஆயினும் அவர் காலத்திலேயே அவற்றிற்கு இடையூறு நேர்ந்தது. புதிதாக வந்த மிஷனெரிமார்க்கும் அவர்க்கும் பிணக்கு முற்றி, 1829-இல் அவர் தம் பணியினின்று நீக்கப்பட்டார். அவர் கூறிய முறையீடுகளுள், வழிபாட்டில் தமிழ்ப்பாட்டுக்கு இடமில்லாது செய்ததும் ஒன்று. சாதி வேற்றுமையைச் சபையில் ஒழித்தலும் அவர்க்குக் குறையாகவே தோன்றிற்று. அதில் அவர் பக்கம் நான் நில்லேன். பாட்டைப் பொறுத்தமட்டில் நியாயம் அவருடையதே. சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார். 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த வெப்பு ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ஒதுக்கப்பட்ட பாட்டு, அதனை இயற்றியவர் உயிரோடிருக்கும்போதே புத்தகமாகச் சபைக்குள் திரும்பி வந்தது. சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார்.

இனி ஆர்கனுக்கு வருவோம். சென்னை எழும்பூரிலுள்ள தூய அந்திரேயா ஆலயத்தில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரத்துக் கோனகர் கம்பெனியார் செய்த குழலார்கன் 1883-இல் அமைக்கப்பட்டது. இத்தகைய கருவியில் ஒவ்வொரு சுரத்திற்கும் தனிக்குழல் உண்டு. துருத்தியினின்று எழும் காற்று குழலுட் புகுந்து ஒலியாகும். மின்விசை வருமுன் துருத்தியை ஆளொருவன் மறைவில் நின்று இயக்குவான். ஆர்கன் வாசித்தவரையேனும் சிலர் நினைவிற் கொள்வர்; இவனை யார் நினைப்பார்?

இதே ஆலயத்தில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்தியவர் ஹாண்டல் மானுவேல் அவர்கள். சென்னை வானொலி நிலையத்தில் மேனாட்டிசைப் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தியவரும், 1893-இல் தோன்றிய சென்னை இசைக்கழகத்தின் பாடகர் குழுவைப் பயிற்றியவரும் இவரே. ஜெர்மானிய இசைப்புலவரான ஹாண்டலின் பெயரைத் தாங்கிய தமிழர் ஒருவர் அப்புலவரின் இசையையே நம் நகரத்தார்க்குப் பயிற்றியது இனியதொரு பொருத்தம்.

ஏழைச் சபைகள் குழலார்கனுக்கு எங்கே போகும்? பாரிஸில் தெபேன் என்பார் 1842-இல் உரிமை பெற்ற ஆர்மோனியமே அவற்றிற்குக் கைகொடுத்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பார் அதனைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக்கினார். ஆனால் இப்பெட்டியால் ஓர் இடர் விளைந்தது. ஒரு தாயியைப் பன்னிரண்டு கட்டைகளாக வகுத்து நிறுத்திய கருவியில், ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் கமகம் பிறவாது. இக்குறை பற்றியே அகில இந்திய வானொலியார் 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971 வரையில் அத்தடையைத் தளர்த்தாதிருந்தனர்.

வானொலி விலக்கியதை ஆலயம் விலக்க இயலாது. அது இல்லையேல் சபை பாடாது. ஆதலின் நம் இசையாசிரியர்கள் தாமே ஓர் உபாயம் கண்டனர். பாமாலைப் பாட்டு வரின் நான்கு குரலும் ஒருங்கே ஒலிக்க நிறைவாக வாசிப்பர். கீர்த்தனை வரின், இடக்கையால் சட்சமும் பஞ்சமமும் பிடித்து, வலக்கையால் மெட்டின் எலும்பை மட்டும் காட்டி, கமகத்தைப் பாடுவோர் தொண்டைக்கே விட்டுவிடுவர். எதனை வாசியாது விடவேண்டும் என்றறிதல் அரிய கலை. அதனை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபொழுது, வெவ்வேறு பாட்டுமரபுடைய சபைகள் ஒரு குடைக்கீழ் வந்தன. எங்கள் பகுதியில் அக்கலப்பு வேறொரு வகையாலும் பெருகிற்று. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், 1964-இல் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. வேலை நாடித் தென்மாவட்டத்தார் பலர் குடியேறினர். அவரவர் ஊரில் பாடிய மெட்டையும் வேகத்தையும் அவரவர் கொண்டுவந்தனர். ஒரே கீர்த்தனையை நெல்லையார் நிறுத்திப் பாடுவர், வேறூரார் விரைந்து பாடுவர். இவ்விருவரையும் ஒரு தாளத்திற்குள் அடக்கியவர், பகலெல்லாம் ஆலையில் உழைத்து மாலையில் பாடகர் குழுவைப் பயிற்றிய ஊதியமில்லா ஆசிரியரே.

இப்போது எங்கள் ஆலயத்தில் மின்விசைக் கட்டைக்கருவி ஒலிக்கின்றது. பொத்தான் ஒன்றை அழுத்தினால் சுருதி மாறிவிடும். பழைய ஆர்மோனியம் குருமார் உடைமாற்றும் அறையில், துருத்தி கிழிந்து, அங்கிகளைத் தாங்கி நிற்கின்றது. அதனுள்ளே கீர்த்தனைப் புத்தகம் ஒன்றைக் கண்டேன். ஏறக்குறைய அறுபது பாட்டுக்களின் எதிரே எத்தனையாம் கட்டை என்பது பென்சிலாற் குறிக்கப்பட்டுள்ளது. சிலவற்றில் அடித்துத் திருத்தி ஒரு கட்டை இறக்கியிருக்கின்றனர். முதியோர் மிகுந்த காலை வழிபாட்டிற்குப் போலும். கையெழுத்து மூவகையாயிருந்தது, பெயர் ஒன்றும் இல்லை. என் பாட்டனாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், இருவர் கையெழுத்தை அடையாளம் சொன்னார். அவ்விருவர் பெயரையும் புத்தகத்தின் முதலேட்டில் மையால் எழுதி, மூன்றாமவர்க்கு ஒரு வரி வெறுமையாக விட்டுவைத்திருக்கின்றேன்.