கொலஸ்ட்ரால் குறையவே இல்லையா? தைராய்டையும் செக் பண்ணிடுங்க!

எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தியாச்சு, தினமும் வாக்கிங் போறீங்க. ஆனாலும் ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ரால் குறையலையா? காரணம் உங்கள் கழுத்தில் இருக்கலாம்!

ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலை உறிஞ்சி அகற்றுவது கல்லீரல். அந்த வேலையை முடுக்கிவிடுவது தைராய்டு ஹார்மோன். அது குறைந்தால் எல்.டி.எல் ரத்தத்திலேயே தங்கி, இதய ரத்தக்குழாய்களில் படியத் தொடங்கும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மாரடைப்பு ஆபத்து கூடும்.

கண்டுபிடிக்க, டி.எஸ்.ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை முதல் படி. பெரியவர்களுக்கு சுமார் 0.4 முதல் 4 வரை நார்மல். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பலரும் குழம்புவது இங்கேதான். டி.எஸ்.ஹெச் என்பது தைராய்டை வேலை வாங்க மூளையிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். எனவே அது எகிறினால், பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம்.

காரணமில்லாத சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுவது... இதெல்லாம் சேர்ந்து இருந்தால் டாக்டரைப் பாருங்க. தைராய்டு சரியானால், பலருக்குக் கொலஸ்ட்ராலும் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை: வெயிட் குறையும்னு தைராய்டு மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாதீங்க. அளவு மீறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகிடும்!