முதுமையும் நினைவாற்றற் சோதனையும்

முதுமையையும் மறதியையும் இணைபிரியாதனவாகக் கருதுதல் உலக வழக்கு. இளைஞன் குடையை மறந்து சென்றால் அது கவனக்குறைவு எனப்படும்; முதியவர் மறந்தால் வயதின் குறை எனப்படும். பல்லாண்டு காலம் செவியில் வீழ்ந்த இவ்வெண்ணம் முதியோர் உள்ளத்திலும் வேரூன்றிவிடுகின்றது. அது சோதனையின் முடிவையே மாற்றவல்லது என்பதை உளநூலார் ஆராய்ந்து காட்டியுள்ளனர்.

ரஹால், ஹாஷர், கொல்கோம் ஆகிய மூவர் 2001 இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பலரும் அறியாத செய்திகள் சில இளைஞர்க்கும் முதியோர்க்கும் அளிக்கப்பட்டு, அவை மெய்யோ பொய்யோ என்பதும் உணர்த்தப்பட்டது. பின்னர் அவைபற்றி வினவப்பட்டது. இது நினைவாற்றற் சோதனை என வற்புறுத்தியபோது முதியோர் பின்தங்கினர். அவ்வாறு வற்புறுத்தாதபோது இரு சாராரிடையும் வேறுபாடு காணப்படவில்லை. மாறியது வினாவன்று, முன்னுரையே.

கதரின் ஹஸ்லாமும் அவர்தம் குழுவினரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் சிந்தித்தற்குரியது. அதிற் பங்குபற்றியோர் 60 முதல் 70 வரை வயதினர். பங்குபற்றுவோருள் தாமே மூத்தோர் என்னும் எண்ணம் சிலர்க்கும், இளையோர் என்னும் எண்ணம் ஏனையோர்க்கும் ஊட்டப்பட்டது. மூப்பினால் அறிவாற்றல் முழுவதும் குன்றும் என்னும் கட்டுரையைச் சிலரும், நினைவு மாத்திரமே குன்றும் என்னும் கட்டுரையைச் சிலரும் படித்தனர். அதன்பின், டிமென்சியா எனப்படும் அறிவுத்தேய்வு நோயைக் கண்டறிய மருத்துவர் கையாளும் சோதனை நடத்தப்பட்டது. தம்மை மூத்தோரென எண்ணி, அறிவு முழுவதும் குன்றும் எனவும் படித்தவருள் நூற்றுக்கு 70 பேர் அந்நோயுடையார் எனக் கொள்ளத்தக்க புள்ளிகளையே பெற்றனர். ஏனைய பிரிவுகளில் அத்தகையோர் சராசரியாக நூற்றுக்கு 14 பேரே.

இதற்குக் காரணம் யாது? தவறிவிடுவோமோ என்னும் அச்சம் மனத்தின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்ள, எஞ்சிய பகுதியே வினாவிற்கு விடை தேடுகின்றது என்பர் ஒரு சாரார். பிழையைத் தவிர்த்தலிலே கருத்தூன்றுவதால், ஐயத்திற்கிடமான விடைகளை முதியோர் கூறாது விடுகின்றனர் என்பர் மற்றொரு சாரார்.

மூப்பினால் ஆற்றல் சிறிதும் குன்றாது என்பது இவ்வாய்வுகளின் கருத்தன்று. புதியன கற்கும் விரைவு வயதோடு குறைதல் இயல்பே. அறிவுத்தேய்வும் மெய்யான நோயே. ஆயினும் அச்சத்தால் வந்த குறையை மூளையின் குறையெனத் துணிதல், நோயில்லாதவரை நோயாளராக்கிவிடும். ஆதலின், சோதிப்போர் தாம் கூறும் முன்னுரையையும் சோதனையின் ஒரு பகுதியாகவே கொண்டு, சொற்களை ஆராய்ந்து கூறுதல் கடனாகும்.