மின்சாரத்துக்கும் ஒரு சுருதி

மடிக்கணினி, ஓடியோ இன்டர்பேஸ், மைக், இரண்டு ஸ்பீக்கர். எலக்ட்ரோனிக் பொப் பாட்டுக்கு வீட்டில் இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் இணைத்து ஒலியைக் கூட்டியதும் பெரும்பாலும் முதலில் வருவது "ம்ம்ம்" என்ற ஓர் இரைச்சல்தான்.

உக்குவளைக்காரருக்கு அதன் ஊற்று பக்கத்திலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர் சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலைக்கடியே ஓடிவந்து, 1976 முதல் உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் நாடு முழுவதோடும் ஒரே கதியில், வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஸ்பீக்கரில் இரைவது அந்த ஊசலாட்டமே. கீபோர்டின் அடிப்பகுதியிலுள்ள ஒரு ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். மின்சாரம் அதைவிடக் கொஞ்சம் ஏறிய சுருதி. அந்த ஜி-யில் பேஸ் வைத்து நீளப் பிடித்தால், இரண்டும் உரசி வினாடிக்கு ஒரு தடவை பொங்கித் தணியும். மின்சாரத்தின் சுருதியைக் காதாலேயே அளந்துவிடலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இரைச்சல் எப்படிப் புகுகிறது? கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் இன்னொன்றிலும் இருந்தால், அவற்றின் ஏர்த் வயர்களும் ஓடியோ வயரும் சேர்ந்து பெரிய வளையமாகிவிடும். வீட்டு வயர்களின் காந்தப்புலம் அதில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் வளையம் சுருங்கும். ஏர்த் வயரையே கழற்றிவிடுவோரும் உண்டு. உயிர் போகும், தொடவே கூடாது.

இரைச்சலைத் தடுக்க மைக்கின் மூன்று முனை வயர் இன்னும் அழகான வழி. ஒரே ஒலி ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஒட்டும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறார்கள்: இரைச்சல் மறைகிறது, ஒலி இரட்டிக்கிறது.

வீட்டில் ஒலிப்பதிவு செய்வது புதிதல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டு வளவிலேயே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அவர் இசையமைத்த 'ரோஜா' படம் 1992-இல் வந்தது. அன்று அறை நிறைய அடுக்க வேண்டியிருந்த கருவிகளின் வேலையைப் பெரும்பாலும் இன்று மடிக்கணினியே செய்துவிடுகிறது. அறையின் பௌதிகம் மட்டும் மாறவில்லை.

பத்தடி நீள அறையை எடுத்துக்கொள்வோம். 56 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி அந்தச் சுவர்களுக்கிடையே கச்சிதமாக அடங்கும். சுவரோரம் அந்த பேஸ் முழங்கும். நட்டநடுவில் காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்து கேட்பவர் பேஸ் போதவில்லையென்று கூட்டிக்கொண்டே போவார். அதே பாட்டைக் கண்டி பஸ்ஸில் போட்டால் யன்னல் கண்ணாடி அதிரும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது இதற்கு உதவாது. ஆறு மீட்டர் நீள அலைக்கு அந்த மெல்லிய அட்டை ஒரு பொருட்டே அல்ல. தடித்த பஞ்சு மெத்தைகளை மூலைகளில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவது நல்லது. நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கீபோர்டுக்குச் சேர்த்த காசு இருந்தால், என் கட்சி மெத்தைதான்.