ஒரு நாளில் சென்னை: இடங்கள் அப்புறம், முதல்ல தடத்தைப் பிடிங்க

பள்ளி விடுமுறை வந்தால் போதும், வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, பதினொரு மணிக்கு மியூசியம், மதியம் தி.நகர், சாயங்காலம் மயிலாப்பூர், இருட்டுவதற்குள் மெரினா. விழுப்புரத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்தால் எல்லாத்தையும் முடிச்சிடலாம் என்று யாராவது ஒருவர் உறுதியும் கொடுப்பார். மேப்பில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதால் வரும் தைரியம் அது.

வண்டலூரிலிருந்து மெரினாவுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த தூரம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை, ரயில் ஓடிவிடும். நேரத்தைத் தின்பது வண்டி மாறுகிற இடங்கள்தான். இறங்கணும், படி ஏறணும், டிக்கெட் எடுக்கணும், நிறுத்தம் தேடணும், அடுத்த வண்டிக்குக் காத்திருக்கணும். தனியாளாக இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். கூடவே பாட்டியும் நாலு வயதுக் குழந்தையும் இருந்தால் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு நாளில் ஆறு முறை மாறினால் மூன்று மணி நேரம் பிளாட்பாரத்திலும் படிக்கட்டிலும் போயிடும். மெரினாவுக்கு வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும், பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கும்.

அதனால் பார்க்க வேண்டிய இடங்களை எழுதும் முன்னால், ஒரு ரயில் தடத்தைத் தேர்ந்தெடுங்க. அந்தத் தடத்தின் மேல் இருக்கும் இடங்களில் மூன்று. அவ்வளவு போதும்.

பெயரை நம்பி இறங்காதீங்க

சென்னையில் மூன்று வகை ரயில் ஓடுகிறது. ஒன்று புறநகர் மின்சார ரயில். கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு தடம் அதில் முக்கியமானது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டாவது, கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில். மூன்றாவது மெட்ரோ. அதில் நீலத் தடம் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை, பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரை. இந்த இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன.

வெளியூர்க்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் பெயர்களில்தான். ‘சென்னை கடற்கரை’ என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் மெரினா மணல் இருக்காது, பாரிமுனைப் பக்கம் ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு எதிரே நிற்பீர்கள். மெரினாவுக்குப் போக பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்கள் உதவும். ‘கலங்கரை விளக்கம்’ நிலையமும் விளக்கின் அடியில் இல்லை, கொஞ்ச தூரம் நடக்கணும்.

பார்க், பார்க் டவுன் இரண்டும் வேறு வேறு. முதலாவது புறநகர் ரயிலுக்கு, இரண்டாவது பறக்கும் ரயிலுக்கு. இரண்டும் பக்கத்தில்தான், ஆனால் வெளியே வந்து நடந்துதான் மாறணும். நடக்க முடியாதவர்கள் இருந்தால் கோட்டை நிலையத்தில் மாறலாம். அங்கே இரண்டு தடமும் ஒரே நிலையத்தில் வரும். கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயில் ஓடாது என்று சில பழைய வீடியோக்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட அந்தச் சேவை 2024 அக்டோபரிலேயே திரும்ப வந்துவிட்டது.

பேருந்தில் வருபவர்களுக்கு இன்னொன்று. தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, மின்சார ரயில் பிடித்து எழும்பூர் சேர ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்க. என்னைக் கேட்டால், கிளாம்பாக்கத்தில் இறங்கும் குடும்பம் அன்றைக்கு நகரத்துக்குள்ளேயே வர வேண்டாம். வண்டலூர் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பூங்காவை நிதானமாக ஒரு நாள் பார்த்துவிட்டு, மெரினாவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீங்க, பூங்காவுக்கு அன்று விடுமுறை.

எழும்பூரிலிருந்து ஒரு நாள்

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, ஒன்பது வயதுப் பெண், நாலு வயதுப் பையன். காலை எட்டரைக்கு எழும்பூரில் இறங்குகிறார்கள்.

முதல் இடம் பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. காலை 9.30 மணிக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னையின் பழைய ஆட்கள் இதை ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். ஒரு காலத்தில் இந்த வளாகத்திலேயே விலங்குகளும் இருந்தன. மிருகக்காட்சி சாலை இங்கே தொடங்கி, இடம் மாறி, கடைசியில் 1985-ல் வண்டலூர் போய்ச் சேர்ந்தது. எல்லாக் கட்டடத்தையும் பார்க்கணும் என்று கிளம்பினால் பாட்டி இங்கேயே களைத்துவிடுவார். வெண்கலச் சிலைகள், அமராவதிச் சிற்பங்கள், குழந்தைகளுக்கு விலங்கியல் பகுதி. இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் பன்னிரண்டரைக்குள் வெளியே வரலாம்.

சாப்பாட்டை எழும்பூரிலேயே முடிங்க. மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை வெயிலில் எங்கும் போக வேண்டாம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலும் மதியம் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். பட்டியல் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான். இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் போய் நின்றுவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் நிழல் தேடுவார்கள்.

மூன்று மணிவாக்கில் எழும்பூரிலிருந்து திருமயிலைக்கு ஒரே ரயில்வே டிக்கெட். எந்த நிலையத்தில் மாறுவது என்று கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்க. பறக்கும் ரயில் நிலையங்கள் உயரமானவை. லிஃப்ட் இயங்குகிறதா என்று பாட்டியைப் படியில் ஏற்றுவதற்கு முன் கீழேயே விசாரிப்பது நல்லது. திருமயிலை நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் லஸ் பகுதியில் பாதைகளும் பேருந்து நிறுத்தங்களும் மாறியிருக்கின்றன. முன்பு வந்து பழகியவர்களும் ஒருமுறை கேட்டுவிட்டே நடக்கவும்.

கோயிலும் மாட வீதியும் முடிந்து ஐந்தரைக்கு மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வருபவரும், மணலில் நடக்கச் சிரமப்படும் முதியவரும் அலைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஊரிலிருந்து வரும் பல பாட்டிமார்கள் ரோட்டோரத்துத் திண்டில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடலை அவர்களும் பார்க்கட்டும். குளிக்க இறங்காதீங்க, மெரினா அலைக்கு இழுவை அதிகம். கலங்கரை விளக்கத்தில் ஏறும் ஆசை இருந்தால் அதற்கு வேறு நேரம் ஒதுக்கணும். திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மாலை ஐந்தோடு சரி.

யாருக்கு டிக்கெட், யாருக்கு வேண்டாம்

இந்தக் குடும்பம் மயிலாப்பூரிலிருந்து மெரினாவுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால், காசு கொடுக்க வேண்டியவர் அப்பா மட்டும்தான். விடியல் பயணத் திட்டத்தில் பாட்டி, அம்மா, பெண் குழந்தை மூவருக்கும் கட்டணம் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பையனுக்கும் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இந்தத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. வெளியூர்ப் பெண்களுக்கும் உண்டு, எந்த அட்டையும் காட்ட வேண்டாம். ஆனால் நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளணும். திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் இலவசமாகப் போகலாம். முன்பக்கம் பிங்க் நிறம் பூசிய பேருந்து இதற்கானது. சொகுசுப் பேருந்திலும் ஏ.சி. பேருந்திலும் இது செல்லாது. அவசரத்தில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

மின்சார ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட். மெட்ரோவில் வயதுக் கணக்கு கிடையாது, உயரம்தான். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். நாலு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பார்கள், எனவே பையனுக்கும் டிக்கெட் உண்டு. மெட்ரோ செலவு கூடுதல்தான். ஆனால் குளிர்சாதனமும், லிஃப்ட்டும், சுத்தமான கழிப்பறையும் அங்கேதான் நிச்சயமாகக் கிடைக்கும். பாட்டிக்கு முடியவில்லை என்றால் அந்தப் பணத்தைக் கணக்குப் பார்க்காதீங்க. ஆட்டோ என்றால், அதில் மூன்று பேருக்குத்தான் அனுமதி. ஐந்து பேர் என்றால் இரண்டு ஆட்டோ என்று செலவைப் போடுங்க.

போனில் டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ செயலி இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதிலேயே யூபிஐ மூலம் க்யூஆர் டிக்கெட் வாங்கலாம். ரயில்வேயின் ‘ரயில்ஒன்’ செயலியிலும் மின்சார ரயில் டிக்கெட் கிடைக்கும். எதில் எடுத்தாலும் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் எடுத்துவிடணும். பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்டணும், ஸ்கிரீன்ஷாட் போதாது.

போன் ஒருத்தரிடம், டிக்கெட் எல்லாருக்கும்

இங்கேதான் கொஞ்சம் பயப்படணும். ஐந்து பேரின் டிக்கெட், திரும்பும் ரயிலின் முன்பதிவு, பணம், மேப் எல்லாம் அப்பாவின் போனில் இருக்கிறது. பாட்டியிடம் போனே இல்லை, மகனின் எண்ணும் மனப்பாடம் இல்லை. கூட்டமான நிலையத்தில் மின்சார ரயில் அரை நிமிடம்தான் நிற்கும். நால்வர் ஏறிவிட, பாட்டி பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால்?

காலையில் கிளம்பும்போதே வீட்டில் எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லி வைங்க. தவறியவர் நின்ற இடத்திலேயே நிற்கணும். அடுத்த ரயிலில் ஏறி வரக்கூடாது. முன்னால் போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவார்கள். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் தேடிக் கிளம்பினால்தான் ஆள் தொலைகிறது. ஏறும்போது முதலில் பாட்டியும் பிள்ளைகளும், கடைசியில் அப்பா. இறங்கும்போது பெரியவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் பின்னால். பேருந்தில் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்க வேண்டி வரும், ஆகவே இறங்கும் நிறுத்தத்தின் பெயரைப் பெண் குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிடணும்.

இரண்டு போன் எண்களைத் தாளில் எழுதி பாட்டியின் சுருக்குப்பையில் ஒன்று, பிள்ளைகளின் பாக்கெட்டில் ஒவ்வொன்று. காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் குழந்தைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுவார்களே, அதே யோசனைதான். பாட்டியின் தாளோடு நூறு இருநூறு ரூபாயும் வைங்க. டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து அம்மாவின் போனிலும் எடுங்க. வீடியோ எடுத்தே சார்ஜ் தீர்ந்துபோகும், பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

குழந்தையைக் காணோம் என்றால் தேடிக்கொண்டே நேரத்தைக் கடத்தாமல் உடனே 112-க்குக் கூப்பிடுங்க. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ரயிலிலோ நிலையத்திலோ என்றால் 139. மயக்கம், அடிபட்டது என்றால் 108. நான்குக்கும் கட்டணம் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு எழும்பூரில் ரயில் என்றால், ஏழு மணிக்கு மணலை விட்டு எழுந்துவிடணும். ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் ரயில்களும் பறக்கும் ரயில்களும் குறைவு. பராமரிப்புக்காகச் சில நேரம் சேவை ரத்தாவதும் உண்டு. முந்தின நாள் தெற்கு ரயில்வேயின் அறிவிப்பை ஒருமுறை பாருங்க. அன்றைக்குப் பறக்கும் ரயில் சரியில்லை என்றால், மெரினாவிலிருந்து ஆட்டோவில் அரசினர் தோட்டம் மெட்ரோ, அங்கிருந்து நீலத் தடத்தில் சென்ட்ரல், மாறி பச்சைத் தடத்தில் ஒரே நிறுத்தம், எழும்பூர். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடும்.