ஊர்ச்சாலையும் உயிர்க்காப்பும்



சாலை என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது எது? கருந்தார் பூசிய பரப்பும், அதன்மேல் விரையும் ஊர்திகளுமே பெரும்பாலும் தோன்றும். நம் முன்னோரோ, நடந்து செல்லும் மனிதனை மனத்திற்கொண்டே சாலையை எண்ணினர். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியைச் சேர்ந்த பழைய கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு இருபத்தொன்பது காதம் என்று அக்கல் அறிவிக்கிறது. கல்லைப் பொறித்தவர் எழுத்தோடும் எண்ணோடும் நின்றுவிடவில்லை. இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அதில் செதுக்கி வைத்தார். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கனும் குழிகளை எண்ணித் தொலைவை அறிந்துகொள்வான்.

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நீங்கள் கண்டிருக்கலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. இந்தக் கற்கள் எல்லாம் ஒரு கேள்வியை நம்மிடம் கேட்கின்றன: 'இவ்வழியே வருவோருள் மிக எளியவர் யார்? அவருக்கு இச்சாலை என்ன செய்கிறது?' இன்றைய ஊர்ச்சாலைகளைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்பும் கருத்து.

முதலில், ஊர்களுக்குச் சாலை வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். எம். ஆர். ஜெயகர் தலைமையில் 1927-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழு, பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து அந்தப் பணத்தைச் சாலைகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றது. 1929-ஆம் ஆண்டில் மத்திய சாலை நிதி அவ்வாறே பிறந்தது. 1943-ஆம் ஆண்டில் நாட்டின் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் கூடி ஒரு திட்டம் வகுத்தனர். தேசிய நெடுஞ்சாலை முதல் ஊர்ச்சாலை ஈறாகச் சாலைகளை அவர்கள் தரம் பிரித்தனர். வேளாண்மையில் முன்னேறிய பகுதியில் எந்த ஊரும் பெருஞ்சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகி இருத்தலாகாது என்று குறிக்கோள் வைத்தனர். 1961-ஆம் ஆண்டிலிருந்து இருபதாண்டுகளுக்கென வகுக்கப்பட்ட அடுத்த திட்டம் இத்தொலைவை 4 மைலாகக் குறைத்தது. எந்தவொரு சாலையும் ஒன்றரை மைலுக்குள் இருக்க வேண்டும் என்றும் கூறியது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேரும் மலைப்பகுதியில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளுக்கெல்லாம், எப்பருவத்திலும் பயன்படும் சாலை ஒன்றேனும் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

'எப்பருவத்திலும் பயன்படும் சாலை' என்பதற்குத் தார்ச்சாலை என்று மட்டும் பொருள் கொள்ளற்க. வாய்க்காலும் ஓடையும் குறுக்கிடும் இடங்களில் பாலமோ குழாய் மதகோ இருந்து, அடைமழையிலும் வழி அறுபடாமல் இருப்பதே அதன் இலக்கணம். 5 மைல் என்பது காகிதத்தில் ஓர் எண்; பேறுகால வலியோடு துடிக்கும் பெண்ணுக்கு அது கட்டை வண்டியில் கழியும் ஓர் இரவு. அந்தத் தொலைவு குறையக் குறையப் பள்ளியும், மருத்துவமனையும், சந்தையும் ஊருக்கு அருகில் வந்தன. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டில் தொடங்கிய மினி பஸ் திட்டம், பெரிய பேருந்து நுழையாத ஊர்களுக்கும் பேருந்தைக் கொண்டுவந்தது. இவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. சாலை மண்ணாய் இருந்த காலத்தில் மேடும் பள்ளமுமே வேகத்தைக் காவல் காத்தன. சாலை செப்பனிடப்பட்டதும் அந்தக் காவல் நீங்கியது. வேகம் வந்தது, வேகத்தோடு விபத்தும் வந்தது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளால் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் தமிழ்நாட்டில் மாண்டவர் 17,884 பேர். நெரிசல் மிகுந்த நகரங்களிலேதான் இச்சாவுகள் நேர்ந்தன என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. நூற்றில் ஏறத்தாழ 68 சாவுகள் நேர்ந்தவை ஊர்ப்புறங்களில். இறந்தவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள்.

ஊர்ப்புறத்தில் இவ்வளவு இழப்பு ஏன்? காவிரிப் படுகைச் சாலைகளில் பயணம் செய்யும்போதெல்லாம் இதற்கான விடைகளை நான் கண்ணெதிரே காண்கிறேன். அங்கே பல சாலைகள் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டியே செல்கின்றன. நீர் வளைந்த இடத்தில் சாலையும் வளைகிறது. ஒரு புறம் வாய்க்கால். மறு புறம் தாழ்ந்த வயல். நடுவே குறுகிய பாலம். சிற்றூர்ச் சாலைகளில் தார் போட்ட பகுதியின் அகலம் பெரும்பாலும் 3 மீட்டர் அல்லது 3.75 மீட்டர். பேருந்தின் அகலமோ ஏறத்தாழ இரண்டரை மீட்டர். எதிரே ஓர் ஊர்தி வந்தால் இரண்டில் ஒன்று ஓரத்து மண்தரையில் இறங்கியே தீர வேண்டும். அந்த மண்தரையில்தான் பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர். பழைய தாரின்மேல் புதுத் தார் இடும்போதெல்லாம் சாலை உயர்கிறது. மண்ணிட்டு நிரப்பாத ஓரமோ தாழ்ந்துகொண்டே போகிறது. இரவில் ஒதுங்கும் மிதிவண்டிக்காரர் அந்தப் படியில் சறுக்கி விழுகிறார்.

அறுவடைக் காலத்தில் நெல்லும் உளுந்தும் எள்ளும் சாலையில் காய்கின்றன. வைக்கோல் பரப்பின்மேல் இருசக்கர ஊர்தி வழுக்குகிறது. உழவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. களமில்லாத ஊரில் அவர் வேறெங்கே உலர்த்துவார்? ஊருக்கொரு உலர்களம் அமைப்பதும் சாலைப் பாதுகாப்பு வேலையே. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்புறத்தில் சிவப்பு விளக்கின்றி இருளில் நிற்கிறது. விபத்து நேர்ந்தபின் மருத்துவமனைக்குச் செல்லும் தொலைவும் நகரத்தைவிட மிகுதி.

எல்லாவற்றினும் கொடிய இடம், ஊர்ச்சாலை நெடுஞ்சாலையோடு கூடும் முச்சந்தி. அங்கேதான் பேருந்து நிறுத்தமும் தேநீர்க் கடையும் பள்ளிக்குச் செல்லும் வழியும் உள்ளன. ஊர்க்காரருக்கு அது வாசல். நெடுந்தொலைவிலிருந்து வரும் ஓட்டுநருக்கு அது பெயர் தெரியாத ஒரு திருப்பம். ஒரே இடத்தை இருவர் இருவகையாக எண்ணுவதால் நேரும் துன்பம் இது.

இங்கே வேகத்தின் கணக்கை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த, நல்ல சாலையில் ஒரு கார் வருகிறது. அதற்கு 20 மீட்டர் முன்னால் ஒரு சிறுமி சாலையைக் கடக்கிறாள். ஓட்டுநர் அவளைக் கண்டு, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். பிறகு சுமார் 9 மீட்டரில் நிற்கும். சிறுமியின் அருகில் வந்து நின்றுவிடும், அவள் பிழைத்தாள். அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? அந்த ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். எஞ்சிய 3 மீட்டரில் வேகம் பெரிதும் குறையாது. மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் அவள்மீது மோதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலோ, பிரேக்கை மிதிக்கும் முன்பே அவளை அடைந்துவிடும். ஓட்டுநர் ஒருவரே, சிறுமியும் ஒருத்தியே. வேகம் ஒன்றரை மடங்காகையில் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு இரண்டேகால் மடங்காகிறது. பௌதிகப் பாடத்தில் நீங்கள் படிக்கும் 'திசைவேகத்தின் வர்க்கம்' என்பது சாலையில் உயிரையும் உடலையும் நிறுக்கும் தராசு.

ஆகவே, ஊர்ச்சாலைத் திட்டமிடல் என்பது சாலையை ஊர்வரை கொண்டுசேர்ப்பதோடு முடிவதன்று. மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு சாவாக முடியாதவாறு சாலையை அமைக்க வேண்டும் என்னும் கொள்கையைச் சுவீடன் நாட்டின் பாராளுமன்றம் 1997-ஆம் ஆண்டில் ஏற்றது. இதைச் செயற்படுத்தப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். முச்சந்தியின் மூலைகளில் மண்டிய சீமைக் கருவேலத்தையும் விளம்பரத் தட்டிகளையும் அகற்றினால் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் முன்னதாகவே காண்பர். ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் சேருமுன் ஒரு வேகத்தடை வேண்டும். அதுவும் முறைப்படி அமைதல் வேண்டும்: 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள வளைந்த மேடு ஊர்தியை மெல்ல ஏற்றி இறக்கும். ஊரார் தாமே குவிக்கும் கூரிய மேடோ, இருட்டில் வருபவரைத் தூக்கி எறியும். பேருந்து, சாலையை விட்டு ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். நிறுத்தத்தில் விளக்கு வேண்டும். அங்கிருந்து பள்ளி வரையில் நடப்பதற்குத் தனி வழி வேண்டும்.

பேருந்தின் நேரப் பட்டியலும் பாதுகாப்பின் ஒரு கூறே. மாலைப் பேருந்து பள்ளி மணிக்குக் கால்மணி முன்னதாகவே போய்விடுமாயின், மாணவியர் அந்தி இருளில் நெடுஞ்சாலை ஓரமாக நடக்க நேரிடும். அல்லது ஒரே இருசக்கர ஊர்தியில் மூவராக ஏற நேரிடும். நேரப் பட்டியலில் அரைமணி மாற்றம் ஓர் உயிரைக் காக்கலாம்.

இவற்றில் உங்கள் பங்கு யாது? முதலாவது, உங்களைக் காத்துக்கொள்ளுதல். நடைபாதையில்லாத சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் ஊர்தியைப் பார்த்தபடி நடங்கள். பேருந்திலிருந்து இறங்கியதும் அதன் முன்புறமாகக் குறுக்கே ஓடாதீர்கள். பேருந்தை முந்திவரும் ஊர்தி உங்களுக்குத் தெரியாது, அதன் ஓட்டுநருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள். பேருந்து போனபின் இருபுறமும் பார்த்துக் கடந்து செல்லுங்கள். இரவில் வெளிர்நிற ஆடை அணியுங்கள். இருசக்கர ஊர்தியில் பின்னால் அமர்ந்தாலும் தலைக்கவசம் அணியுங்கள். விபத்தைக் கண்டால் 108 என்னும் எண்ணை அழையுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுவோரை 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காக்கிறது. வழக்கு வருமோ என்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, உங்கள் கல்வியை ஊருக்குப் பயன்படுத்துதல். ஒரு விடுமுறை நாளில் நாலைந்து பேர் சேர்ந்து உங்கள் ஊர் முச்சந்தியின் படத்தை வரையுங்கள். கடை, மரம், நிறுத்தம், விளக்கு ஆகியவற்றைக் குறியுங்கள். சாலையை விட்டு விலகி, பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஊர்திகள் செல்கின்றன, எத்தனை பேர் சாலையைக் கடக்கின்றனர் என்று எண்ணுங்கள். அருந்தப்பாகத் தப்பியவர்களையும் கணக்கில் சேருங்கள். இன்று தப்பியவர் நாளை நேரப்போகும் விபத்தின் அறிவிப்பு. பிறகு அச்சாலை யாருடையது என்று கேட்டறியுங்கள். ஊராட்சியின் சாலை, ஊராட்சி ஒன்றியத்தின் சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை, தேசிய நெடுஞ்சாலை என அவை பலவகைப்படும். உரியவர் யாரென்று அறியாமல் எழுதிய மனு ஊர் ஊராக அலையும். உங்கள் படத்தையும் கணக்கையும் பெரியவர்களிடம் கொடுத்துக் கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்பச் செய்யுங்கள். 'எங்கள் ஊரில் விபத்து மிகுதி' என்னும் முறையீட்டைவிட, 'காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை இத்தனை பிள்ளைகள் இவ்விடத்தில் கடக்கின்றனர்' என்னும் ஒரு வரி வலிமை மிக்கது.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஆட்சிப் பணிக்கு வருவீர்கள். சிலர் ஊராட்சித் தலைவர் ஆவீர்கள். பலர் ஊர்தி ஓட்டுவீர்கள். சாலையின் நீளத்தைக் கிலோமீட்டரால் அளக்கலாம். அதன் தரத்தை, புத்தகப் பையோடு ஒரு பிள்ளை தனியே அச்சமின்றிக் கடந்து செல்ல முடிகிறதா என்பதால் அளந்து பாருங்கள்.