பழைய ஆம்னிக்கு ஸ்பேர் வாங்கப் போறீங்களா? எதில் மிச்சம் பிடிக்கலாம்... எதில் கூடாது!

திருப்பூர்,

காலையில் துணி ரோல், மதியம் கட்டிங் பீஸ், ராத்திரி பேக்கிங் பெட்டி என்று திருப்பூரில் நாள் முழுக்க ஓடும் வண்டி ஆம்னி வேன். இது ஒருநாள் பட்டறையில் நின்றால் போச்சு. ஜாப் ஒர்க் பார்ப்பவருக்கு சனிக்கிழமை சம்பளம் போடுவதே பெரும்பாடு ஆகிவிடும்.

மாருதி நிறுவனம் 1984-ல் கொண்டு வந்த இந்த வேனின் தயாரிப்பு 2019-ல் நிறுத்தப்பட்டது. மாருதி 800 கார் 2014-லேயே நின்று விட்டது. இனி புது வண்டி வராது. இருக்கிற வண்டியைத்தான் தேற்றி ஓட்ட வேண்டும். ஆனால் ஸ்பேர் கடைக்குப் போனால் ஒரே பாகத்துக்கு நாலு விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது?

நாலு ரகம்

முதலாவது, கார் கம்பெனி டப்பாவில் வரும் 'ஜெனியூன்' பாகம். விலை கூடுதல்.

இரண்டாவது, 'ஓ.இ.' பாகம். கார் கம்பெனிக்கு பாகம் செய்து கொடுக்கும் நிறுவனமே, தன் சொந்தப் பெயரில் டப்பா போட்டு விற்பது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த பனியன் காதர்பேட்டையில் விலை குறைவாக கிடைக்கிறதே, அந்த மாதிரி. பணமும் மிச்சம், தரத்துக்கும் பயமில்லை.

மூன்றாவது, 'லோக்கல்' பாகம். நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு.

நாலாவது, கழற்றிய பழைய பாகம். சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கம் உள்ள பழைய சாமான் கடைகளில் கிடைக்கும்.

இது தவிர 'டூப்ளிகேட்' ஒன்று இருக்கிறது. இது ரகம் அல்ல, மோசடி. கண்ட பனியனில் பெரிய கம்பெனி லேபிளை தைப்பது போன்றது. போலி முத்திரை பொருள் விற்றால் 1999-ம் ஆண்டு வணிக முத்திரை சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

இதில் கஞ்சத்தனம் கூடாது

பிரேக் பேட், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட். இவற்றில் ஜெனியூன் அல்லது ஓ.இ. மட்டுமே வாங்க வேண்டும். பழசு கூடவே கூடாது. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. டைமிங் பெல்ட் அறுந்தால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்று விடும்.

டோர், பம்பர், சீட், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி போன்றவற்றை பழசாகவே வாங்கலாம். இங்கே மிச்சம் பிடித்தால் தப்பே இல்லை.

பழைய என்ஜின் வாங்குவோர் மட்டும் உஷார்! அதில் உள்ள நம்பர் உங்கள் ஆர்.சி. புக்கில் உள்ளதோடு ஒத்துப் போகாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முறைப்படி பதிய வேண்டும். பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியது நீங்கள்தான்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* கழற்றிய பழைய பாகத்தையும் ஆர்.சி. நகலையும் கையோடு கொண்டு போங்கள். கார்புரேட்டர் வண்டிக்கும் எம்.பி.எப்.ஐ. வண்டிக்கும் பல பாகங்கள் மாறும்.

* டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழை, மங்கிய அச்சு இருந்தால் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

* ரப்பர் பாகம் கடையில் சும்மா கிடந்தாலே இறுகிப் போகும். பல வருஷ பழைய ஸ்டாக் வேண்டாம்.

* பில் கேளுங்கள். பல பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் பில் வேண்டும்.

* மெக்கானிக்கே பாகம் வாங்கி வந்தால், டப்பாவையும் கழற்றிய பழசையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

பல்லடம் ரோட்டில் முன்னால் போகும் லாரி திடீரென நின்றால், பின்னால் லோடோடு வரும் ஆம்னியைக் காப்பாற்றுவது அந்த பிரேக் பேட் மட்டுமே. அதை வாங்கும்போது பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் டூப்ளிகேட்டுக்கு மட்டும் தலையாட்டாதீங்க!