தனுஷ்கோடியில் ஆமைக் குஞ்சுகளுக்கு ஒரு வீடு!

"அப்பா... ஒரே ஒரு குட்டி ஆமை வாங்கிக் கொடுங்கப்பா! தொட்டியில் விட்டு நானே வளர்க்கிறேன்" என்று வீட்டில் நச்சரிக்கும் குட்டீஸ் நிறைய பேர் இருப்பீர்கள். உள்ளங்கை அளவு உடம்பு, நீட்டி நீட்டிப் பார்க்கும் கழுத்து... யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், முதுகில் கோலம் போட்டது போல் இருக்கும் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 2019-இல், நாடுகளுக்கு இடையே அதை விற்கவும் வாங்கவும் தடை வந்துவிட்டது. கடல் ஆமை என்றால் கேட்கவே வேண்டாம். நம் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

"கடையில் கண்ணாடித் தொட்டியில் விற்கிறார்களே?" என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்கா. வாங்கும்போது தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். முப்பது வருடம்கூட வாழும்! தொட்டி போதாமல் யாராவது அதைக் குளத்தில் விட்டுவிட்டால், நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் குட்டி ஆமையைக் கவனித்து வளர்க்க வழியே இல்லையா? ராமேஸ்வரம் தீவில் இருக்கிறது. அங்கே வனத்துறையினர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆமைக் குஞ்சுகளுக்கு வீடு அமைத்துக் கொடுக்கிறார்கள். செங்கல், சிமென்ட் கிடையாது. மணலும் வேலியும் மட்டும்தான்.

விடியும் முன்னே ஒரு தேடல்

தனுஷ்கோடி உங்களுக்குத் தெரியும். 1964 டிசம்பரில் வந்த புயலில் அழிந்துபோன ஊர். அதையும் தாண்டிப் போனால் அரிச்சல்முனை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை, நடுவில் மணல். ராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் படர்ந்த இந்த மணல் மேடுகள் ஆமைகளுக்கு மிகவும் பிடித்த இடம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இரவு நேரத்தில் சிற்றாமைகள் கரையேறும். பங்குனி மாதத்தில் வருவதால் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அதுவும் இதுதான். சுமார் 40 கிலோ எடை. தண்ணீரில் பறவை போல் நீந்தும் இந்த ஆமை, தரையில் மூச்சு வாங்க மூச்சு வாங்கத்தான் நகரும். பின்னங்கால் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை போல் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல்கூட இடும். பிங்பாங் பந்து போன்ற வெள்ளை முட்டைகள். ஓடு கெட்டியாக இருக்காது. தோல் போல் மெத்தென்று இருக்கும்.

முட்டையிடும்போது ஆமையின் கண்ணில் நீர் வழியும். பிள்ளைகளைப் பிரிவதால் தாய் அழுகிறது என்று நினைக்காதீர்கள். உடம்பில் சேர்ந்த உப்பை அது கண் ஓரமாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்! குழியை மூடி, தன் உடம்பாலேயே தொம் தொம் என்று தட்டி மணலைக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்க்காது.

அகநானூற்றில் ஒரு பாட்டில் இந்தக் காட்சி அப்படியே வருகிறது. அடும்புக் கொடிகள் கலைய ஆமை மணலில் முட்டையைப் புதைப்பதை அந்தப் புலவர் எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் தெரியுமா! ஆனால், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்று பாடியிருப்பதுதான் இடிக்கிறது. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை.

காவல் இல்லாத முட்டையைத் தேடி நாயும் நரியும் வரும். அதனால் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் விடியும் முன்பே கடற்கரையில் நடக்கிறார்கள். சின்ன டிராக்டர் சக்கரம் போனது போல் மணலில் தடம் தெரிந்தால், அங்கே ஆமை வந்திருக்கிறது என்று பொருள்.

திருப்பாதே!

முட்டையை எடுத்துவருவது விளையாட்டான வேலை இல்லை. இட்டுச் சில மணி நேரம் ஆனதும், உள்ளே இருக்கும் கரு முட்டையின் மேல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். எனவே சீக்கிரம் எடுக்க வேண்டும். குலுக்காமல், மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி கொண்டுபோக வேண்டும்.

வேலி போட்ட பொரிப்பகத்தில், தாய் தோண்டியது போலவே அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டி முட்டைகளை வைத்து மூடுகிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பலகை. எந்த நாள், எத்தனை முட்டை என்று அதில் எழுதியிருக்கும். நம் வீட்டுக் கதவு எண் மாதிரி!

அடைகாப்பது யார்? வெயிலில் சூடான மணல்தான். ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குஞ்சு ஆணா, பெண்ணா என்று முடிவு செய்வது மணலின் சூடு! சுமார் 29 டிகிரி செல்சியஸ் என்றால் இரண்டும் கலந்து பிறக்கும். சூடு கூடினால் பெண் அதிகம். குறைந்தால் ஆண் அதிகம். உலகம் வெப்பமாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் அரிதாகிவிடுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுவது இதனால்தான். சில பொரிப்பகங்களில் மேலே நிழல்வலை கட்டுகிறார்கள்.

ஒருநாள் தொட்டியில் வைத்தால் என்ன?

முட்டையை உடைத்த குஞ்சுகள் உடனே மேலே வருவதில்லை. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தள்ளி ஏறி, மணல் குளிர்ந்த நேரத்தில் மொத்தமாக வெளிவரும். அவற்றைக் கடலில் தூக்கிப் போடுவதில்லை. அலைக்குச் சில அடி முன்னால் மணலில் விடுகிறார்கள். குஞ்சுகள் தாமே நடந்து போக வேண்டும்.

வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் முதல் சில நாட்களுக்கு அவற்றின் சாப்பாடு. அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு கரையைவிட்டு வெகுதூரம் நிற்காமல் நீந்தும். "ஒருநாள் மட்டும் தொட்டியில் வைத்துப் பார்க்கிறேனே" என்று யாராவது வைத்தால், கடலில் நீந்த வேண்டிய சக்தி முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளிச்சமும் ஒரு பகை. இருட்டில் கடற்பக்கம் வானம் மின்னுவதைப் பார்த்துத்தான் குஞ்சு வழி கண்டுபிடிக்கிறது. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் திரும்பிவிடும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு சுற்றுலா வண்டிகளும் பெருகிவிட்டன.

ஆயிரம் குஞ்சு கடலில் இறங்கினால் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்கிறார்கள். பெரிதான பிறகும் ஆபத்து தீரவில்லை. கடல் ஆமைக்கும் நம்மைப் போல் நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலைக்குள் நீண்ட நேரம் மாட்டினால் மூச்சுத் திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் கம்பிச் சட்டம் ஒன்று பொருத்தினால், மீன் உள்ளே போகும். ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாகத் தப்பிவிடும். வழி இருக்கிறது, எல்லாப் படகிலும் அது வர வேண்டும்.

கடற்கரையில் தனியாக ஒரு குஞ்சு கிடந்தால் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காக்கை, நாய் நெருங்காமல் பக்கத்தில் நின்றுகொண்டு, பெரியவர் ஒருவரை விட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வயல்வெளியில் நட்சத்திர ஆமையைப் பார்த்தாலும் இதையே செய்யலாம். பாவம், தாகமாக இருக்கும் என்று அதைக் கிணற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அது தரை ஆமை, நீந்தத் தெரியாது!

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் சேர்ந்தே ஒரு கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பை நடத்துகிறார்கள். முட்டைக் காலத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடப்பார்கள். பொதுமக்களையும் குறிப்பிட்ட நாட்களில் கூட அழைத்துப் போவது உண்டு. அப்பா, அம்மாவுடன் போகலாம். கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடக்க வேண்டும், தூக்கம் வரும், சில நாள் ஒரு ஆமைகூடக் கண்ணில் படாது. டார்ச் லைட்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.